பக்கத்து இலை

"என்ன இருக்குது?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் மட்டும் என் கையில் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு அவனுக்குப் பச்சைத் தண்ணீர்கூட வைக்க மாட்டேன். சுவரில் ஆள் உயரத்துக்குப் பலகை தொங்குகிறது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பட்டியல் இருக்கிறது. போதாக்குறைக்குப் போன வருடம் முதலாளி ஒவ்வொரு மேசையிலும் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், செல்போனைக் காட்டினால் பட்டியல் வந்துவிடும் என்று. வருகிறவர் செல்போனை எடுக்கிறார். யாருக்கோ பேசுகிறார். பேசிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்கிறார்: "என்ன இருக்குது?"

சொல்கிறேன். இட்லி, பொங்கல், வடை, பூரி, ரோஸ்ட், ஆனியன் ரோஸ்ட், பொடி ரோஸ்ட், ரவா, ஊத்தப்பம் என்று ஒரே மூச்சில் ஓடி முடித்து நிற்கும்போது, "வேற?" என்பார். வேறு என்ன, என் தலைதான் இருக்கிறது. அதைச் சொல்ல முடியுமா? இன்னும் இரண்டு பெயரைச் சேர்த்துச் சொல்வேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, "செரி, ரெண்டு இட்லி கொண்டாங்க" என்பார். முதலிலேயே சொன்னேனய்யா, முதல் பெயரே அதுதானே!

சங்ககிரியில், சேலம் கோவை நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சைவ ஓட்டலில் நான் சப்ளையர். இருபத்து நான்கு வருடமாகிறது. பரிமாறுபவர் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். அப்படி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. சாமி, அண்ணா, தம்பி, பாஸ், ஏப்பா, ஹலோ, இப்படித்தான். சாமி என்றால் மனசு குளிரும், மற்றதெல்லாம் பழகிவிட்டது. சிலர் விரலைச் சொடுக்குவார்கள். சிலர் டம்ளரால் மேசையைத் தட்டுவார்கள். கோழியை விரட்டுகிற மாதிரி "ஷ்ஷ்" என்று ஒரு சத்தம் கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நேற்றுத்தான் லைசென்ஸ் எடுத்தவன் மாதிரி இருக்கும் ஒருவன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே "தம்பி, தண்ணி" என்கிறான். நானும் "வாரேனுங்க" என்று ஓடுகிறேன்.

காப்பி இருக்கிறதே, அது தனிக் கொடுமை. ஐந்து பேர் வருவார்கள். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாமல், ஒருவருக்குக் கம்மியாக, ஒருவருக்குத் திக்காக, ஒருவருக்கு லைட்டாக, ஐந்தாவது ஆள் "எனக்கு எதுனாலும் பரவாயில்லீங்க" என்பார். இத்தனையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு போய், எந்த டம்ளர் யாருடையது என்று தப்பாமல் கொண்டு வந்து வைப்பேன். வைத்துத் திரும்புவதற்குள் அவர்களே டம்ளரை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். பிறகு சர்க்கரை வியாதிக்காரர் முகத்தைச் சுளித்து, "என்னங்க, இனிப்புப் போட்டுக் கொடுத்துட்டீங்க, ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று என்னிடம் பாய்வார். எதுனாலும் பரவாயில்லை என்றாரே அந்தப் புண்ணியவான், அவர்தான் கடைசியில் காப்பி ஆறிப்போச்சு என்று திருப்பி அனுப்புவார்.

உள்ளே போனால் தோசை மாஸ்டர். "முறுகலா, ஆனா காயாம" என்று ஒரு அம்மா கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். கரண்டியை நீட்டி, "இந்தாங்க, நீங்களே சுட்டுக்குங்க" என்றார். வெளியே பசி, உள்ளே அடுப்பு. நடுவில் நான் ஒருத்தன் இரண்டு பக்கத்துத் திட்டையும் சுமந்துகொண்டு அங்கும் இங்கும் நடக்கிறேன். சாயங்காலம் ஆனால் குதிகால் இரண்டும் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. நான் முகத்தைப் பார்ப்பதில்லை. இலையைத்தான் பார்ப்பேன். எந்த இலையில் சோறு தீர்ந்தது, எதில் பொரியல் காலி, எது மடித்தாயிற்று, இதுதான் என் கண்ணுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஓட்டலில் உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசி வாய்ச் சோற்றை அவர் மூச்சுக் காற்றில்தான் விழுங்க வேண்டும். அதனால் முதலாளி ஒரு சட்டம் வைத்திருக்கிறார். இலை திறந்து கிடந்து, ஆள் இல்லாமல், பின்னால் ஒருவர் நின்றால், இலையை எடுக்கச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் யாராவது "ஆள் இருக்குது" என்று சொன்னால் விட்டுவிடலாம். ஒரு தடவை ஒரு லாரிக்காரர் பாதிச் சாப்பாட்டில் போன் பேச வெளியே போனார். அவருக்காகச் சொல்ல யாரும் இல்லை. எடுத்தாயிற்று. திரும்பி வந்து தன் இடத்தில் வேறொருவர் ரசம் குடிப்பதைப் பார்த்தவர், சத்தம்கூடப் போடவில்லை. வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அதே சட்டம், அதே வேலை.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு பள்ளிபாளையத்தில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம். என் மனைவி விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறாள். நாளெல்லாம் தறிச் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவள், அதனால் பேச்சு கொஞ்சம் உரக்கத்தான் வரும். ஆனால் அதிகம் பேச மாட்டாள். நான் ஓட்டலிலேயே தின்றுவிட்டு வருவேன். அதுவும் உட்கார்ந்தா? பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, நான்கு வாயில் முடித்துவிட வேண்டும். வீட்டில் இருக்கும் ஓரிரு நாளிலும் எனக்கு உட்கார்ந்து சாப்பிட வராது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று தின்பேன். மகள் சின்னவளாக இருந்தபோது, "அப்பாவுக்கு முட்டி மடங்காது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை மனைவியை எங்கள் ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். ஆசையாகத்தான் கூட்டிப் போனேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. "வாம்மா, வா சாமி" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு, "உள்ள போயி ஒக்காந்துக்கம்மா, இங்க கூட்டமா இருக்குது" என்று சமையல்கட்டைக் காட்டினார். ஓட்டலில் வேலை பார்ப்பவர்கள் வீட்டு ஆட்கள் வந்தால் உள்ளேதான் சாப்பிடுவது வழக்கம். மாவு அரைக்கும் கிரைண்டர் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் உட்கார்ந்து, பட்டுப் புடவையில் மாவு தெறிக்க அவள் ரோஸ்ட் சாப்பிட்டாள். நான் வெளியே ஒன்பதாம் நம்பர் மேசைக்குப் பூரி கொண்டு போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, புடவையில் காய்ந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் ஓட்டலுக்கு வந்ததே இல்லை.

சொந்தக்காரர்கள் சேதி அதைவிட மோசம். காது குத்து, சீர், கிரகப்பிரவேசம், எதற்குப் போனாலும் சரி. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டாரப்பா நம்ம ஆளு, பந்திய அவரு பாத்துக்குவாரு" என்று குரல் வந்துவிடும். ஆசாரி வந்தால் வந்த வீட்டில் கதவைச் சரி பண்ணச் சொல்கிறார்களா? டெய்லர் வந்தால் ஊசியைக் கொடுக்கிறார்களா? எனக்கு மட்டும் மொய் எழுதும் முன்பே கையில் சாம்பார் வாளி. "உங்களுக்குத்தானுங்க பக்குவம் தெரியும்" என்று ஐஸ் வைப்பார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். பெண்கள் பந்தியில் மனைவி தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு, எனக்காக மண்டபத்துத் தூணோரம் காத்திருப்பாள்.

இந்தச் சனியன் பிடித்த வழக்கம் என் மகள் கல்யாணத்திலும் என்னை விடவில்லை.

போன தை மாதம், திருச்செங்கோட்டில் மண்டபம். தாலி கட்டியாயிற்று. சமையல்காரர் கொண்டு வந்த பரிமாறும் ஆட்களில் இரண்டு பேர் வரவில்லை. முதல் பந்தி குளறுபடி. பொரியல் போன வரிசைக்குச் சோறு போகவில்லை, சோறு போன வரிசைக்குப் பருப்பு போகவில்லை. வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்குக் கை சும்மா இருக்குமா? பெண்ணுக்கு அப்பன் என்பதையெல்லாம் மறந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி வாளியைத் தூக்கிவிட்டேன். அடுத்தது சம்பந்தி பந்தி. மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் ஒன்றாக உட்கார வேண்டிய பந்தி. அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மனைவியும் உட்கார்ந்து, தன் பக்கத்தில் எனக்கு ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறாள். "பொண்ணோட அப்பா எங்கீங்க?" என்று சம்பந்தி அம்மா கேட்டதற்கு, "இதோ வந்துருவாருங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் அந்த வரிசைக்குத்தான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. இலை, சாம்பார், அடுத்த இலை, சாம்பார். ஒரு இலை தொடாமல் கிடந்தது. எல்லாம் பரிமாறி, லட்டுகூட வைத்து, ஆள் மட்டும் இல்லை. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் இடத்துக்காகக் காத்து நின்றாள். இருபத்து நான்கு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. இலை எடுப்பவரைப் பார்த்து, "ஏனுங்க, ஆள் இல்லாத எலைய எடுத்துப்போட்டு அந்தம்மாவுக்கு எடம் உடுங்க" என்றேன். அவரும் எடுத்துவிட்டார். அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றக் குனிந்தபோது, அந்த இலையின் ஓரத்தில் ஒரு கை இருந்தது. மகள் கல்யாணத்துக்காக நானே வாங்கிக் கொடுத்த புது வளையல் அந்தக் கையில் இருந்தது.

நிமிர்ந்தேன். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தது என் இலை. எடுக்கச் சொன்னது நான். அவள், "கொஞ்சமா ஊத்துங்க" என்று மட்டும் சொன்னாள். எதிரே சம்பந்தி அம்மா சிரிப்பை அடக்க லட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மூன்று வாரம் மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான்காவது வாரம், வெங்காயம் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"இருவத்தஞ்சு வருசத்துல ஒரு நா, எம்பட பக்கத்துல ஒக்காந்து ஒரு வா சோறு தின்னுருக்கீங்களா?"

நான் யோசித்தேன். யோசிக்க வேண்டியிருந்ததே பதில்தான்.

"நம்ம மக இங்க இருந்தா, அவளோட தின்னுட்டு இருந்தேன். இப்ப அவளும் இல்ல. செவுத்தப் பாத்துட்டுத் திங்கறேன்." வெங்காயத் தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினாள். "எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாமுங்க. ஒரு நா, ஒரு ஓட்டல்ல, எலை போட்டு, பக்கத்துல பக்கத்துல ஒக்காரோணும். வேற ஆராச்சும் பரிமாறோணும். முடியற வரைக்கும் நீங்க எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"இது ஒரு பெரிய விசயமா புள்ள" என்றேன்.

"பெரிய விசயமுங்க" என்றாள்.

லீவு கேட்டேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குங்க லீவு?" என்றார். எனக்குப் பொய் சட்டென்று வராது. "சாப்பிடறதுக்குங்க" என்றேன். "சாப்பிடறதுக்கு லீவா? அட, மூணு வேளையும் இங்கதானுங்க சோறு போட்டுட்டு இருக்கறேன்!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டார். தோசை மாஸ்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஞாயிறு முடியாது, முகூர்த்த நாள் முடியாது, அமாவாசை முடியாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் ஒரு புதன்கிழமையைக் கொடுத்தார். மனைவியும் பட்டறையில் சொல்லிவிட்டு வந்தாள்.

ஈரோடு பாலத்துக்கு அந்தப் பக்கம்தான், நடந்தே போகலாம். ஆனால் அங்கே எந்த ஓட்டலில் நுழைந்தாலும் என்னோடு வேலை பார்த்த யாராவது ஒருவன் வாளியோடு நிற்பான். "அண்ணா, செத்த இதப் புடிங்க" என்பான். வம்பே வேண்டாம் என்று சேலம் பஸ் ஏறினோம். பஸ் சங்ககிரி வழியாகத்தான் போகும். எங்கள் ஓட்டல் வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எதுக்குத் தலையக் குனியறீங்க? திருடிட்டா போறோம்?" என்றாள் மனைவி.

"அக்கட்டால, அந்தப் பக்கமாப் பாத்துக்க புள்ள, முதலாளி வாசல்லயே நிக்கறாரு."

அவள் ஜன்னல் வழியாக நன்றாகவே எட்டிப் பார்த்தாள். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

சேலத்தில் பெரிய ஓட்டல் ஒன்று. பெயர் எதற்கு? சாப்பாட்டுக் கூடத்தில் கல்யாணப் பந்தி மாதிரி நீள நீளமாக மேசை, ஒரு பக்கமாக நாற்காலிகள். அவள் கடைசி வரிசையைப் பிடித்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முதல் ஐந்து நிமிடம் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஓட்டலில் நாற்காலி இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு கண் வேலையை ஆரம்பித்துவிட்டது. அத்தனை வரிசைக்கும் ஒரே ஒரு சப்ளையர். வடக்கிலிருந்து வந்தவர், முப்பது வயது இருக்கும், பாவம், தமிழில் நான்கைந்து வார்த்தைதான் தெரிகிறது. டம்ளரின் உள்ளே விரலை விட்டுத் தூக்கி வருகிறார். இலையின் நுனியை வலது பக்கமாகப் போட்டுவிட்டார். உப்பு வைக்கவில்லை. சோறு வரும் முன்னே அப்பளத்தை வைத்துவிட்டுப் போகிறார், சோறு வருவதற்குள் அது நமுத்துப் போகாதா? நான் இரண்டு இலையையும் திருப்பிப் போட்டேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். எட்டி உப்புக் கிண்ணத்தை எடுத்து இருவர் இலையிலும் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் இலையிலும் வைத்தேன்.

"செத்த சும்மா ஒக்காருங்க" என்றாள் மனைவி.

"இல்ல புள்ள, நுனிய அந்தப் பக்கம்..."

"எந்தப் பக்கம் இருந்தா என்ன? சோறு திங்க வந்தமா, பரீட்ச வெக்க வந்தமா?"

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு வந்தது. பருப்பு வந்தது, நெய் வந்தது. அவள் உடனே கை வைக்கவில்லை. "பெசைங்க" என்றாள். நான் முதலில் கை வைக்க வேண்டும் என்று காத்திருந்தாள். நானும் கையை நீட்டினேன்.

"ஏனுங்க! இங்க சாம்பாரு!"

எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல். அந்த வடக்கத்தி ஆள் சோறு எடுக்க உள்ளே போயிருந்தார். "ஏனுங்க, எத்தன தடவ கூப்புடறது? சாம்பாரு!" என்று மறுபடி வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் கால் எழுந்தது. என் வாய், "இதோ வாரேனுங்க" என்றது. வரிசை முனையில் ஸ்டூல் மேல் சாம்பார் வாளி இருந்தது. கை அதைத் தூக்கிவிட்டது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அதுதான் கொடுமை. வெள்ளைச் சட்டை போட்டு, வாளியை இடது கையில் பிடித்து, கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுகிறவனை யார் விருந்தாளி என்று நினைப்பார்கள்? "காது கேக்குதா இல்லீங்களா உங்களுக்கு?" என்று அந்த ஆள் பாய்ந்தார். "மன்னிச்சுக்குங்க, கூட்டமா இருக்குதுங்க" என்றேன். என்னவோ அந்தக் கூட்டத்துக்கு நானே பொறுப்பு மாதிரி! பக்கத்து இலைக்காரர் கூட்டு என்னவென்று கேட்டார். இலையைப் பார்த்தே "சௌசௌங்க" என்று சொன்னேன். மூன்று வரிசை தாண்டிவிட்டேன். ஓட்டல் சூப்பர்வைசர் என்னைக் கடந்து போனார், தலையைக்கூடத் திருப்பவில்லை. நான்காவது வரிசையில் ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே என்னைக் கையால் நிறுத்தினார்.

"என்ன இருக்குது?"

"சாம்பார், வத்தக்கொழம்பு, ரசம், மோருங்க."

"வேற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, பின்னால் கடைசி வரிசையிலிருந்து தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல் ஒன்று கூடம் முழுக்கக் கேட்டது.

"எடுக்காதீங்க! ஆள் இருக்குதுங்க!"

திரும்பினேன். இலை எடுக்கும் அம்மா கூடையோடு என் இடத்துக்கு முன்னால் நின்றார். என் நாற்காலியின் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி தன் வலது கையை அகல விரித்து, என் இலையில் இருந்த சோற்றின்மேல் அப்படியே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் இலையில் எதுவும் குறையவில்லை. பருப்பின்மேல் நெய் ஆறி வெளுத்திருந்தது.

"எங்கம்மா ஆளு? எந்திரிச்சுப் போயி எத்தன நேரமாச்சு. பின்னால நிக்கறாங்க பாருங்க" என்றார் இலை எடுக்கும் அம்மா.

"வந்துருவாருங்க."

"கையக் கழுவிட்டே போயிருப்பாரும்மா."

"இன்னுங் கையே வெக்கலீங்க அவரு!" என்றாள். "எம்பட மக கல்யாணத்துல இப்பிடித்தான் எடுத்துட்டாங்க. அன்னைக்குக் கம்முன்னு இருந்துட்டேன். இன்னைக்கு உட மாட்டேன்."

என்னை அவள் பார்த்துவிட்டாள், எனக்குத் தெரியும். கூடத்துக்கு நடுவில் வாளியோடு நிற்கும் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். என்னைக் கைகாட்டி, அதோ அந்த ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் காது எரிந்தது, என் காலை நானே ஒடித்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

"ஏனுங்க, வேற என்ன இருக்குதுன்னு கேட்டனே?" என்றார் செல்போன்காரர்.

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "நானும் சாப்பிட வந்தவந்தானுங்க."

வாளியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தேன். நாற்காலியைப் பிடித்திருந்தவர் கையை எடுத்தார். இலை எடுக்கும் அம்மா என் சட்டையையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். உட்கார்ந்தேன். மனைவி கையை எடுத்தாள். சோற்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"ஆறிப்போச்சு. வேற சோறு போடச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

"வேண்டாம் புள்ள. இதே இருக்கட்டும்."

அவள் விரல் பதிந்த சோற்றிலேயே கை வைத்துப் பிசைந்தேன். அவளும் பிசைந்தாள். முதல் வாய் எடுத்துவைக்கும்போது முன் வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங்க, ரசம்!" என்று கத்தினார். என் தொடை தானாக இறுகியது. மேசைக்கு அடியில் அவள் இடது கை வந்து என் முழங்காலைப் பிடித்தது. நூல் சுற்றி நூல் சுற்றிக் காய்த்துப்போன கை, நல்ல பிடி. ரசம் கேட்டார்கள், மோர் கேட்டார்கள், அப்பளம் கேட்டார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கிற வரைக்கும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.